பழைய போட்டோவில் நிற்கும் கார் எது? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைக்கிறது. வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு ஒருவர் காரின் மட்கார்டில் கை வைத்து நிற்கிறார். பின்பக்கம் தேதி இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. பார்த்துச் சொல்லக்கூடிய பெரியவர்களும் இப்போது இல்லை. இப்படிப்பட்ட படங்களில் காலத்தைச் சொல்வதற்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் அந்தக் கார்தான். வேட்டி கட்டும் விதம் ஐம்பது வருடத்தில் பெரிதாக மாறாது. ஆனால் 1936 செவர்லேயின் முகப்பும் 1937 செவர்லேயின் முகப்பும் ஒன்றல்ல. குறிப்பாக அமெரிக்கக் கம்பெனிகள் வருடா வருடம் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தன. அந்த மாற்றங்கள்தான் நமக்குப் பிடிமானம்.

இதற்குக் கார்களைப் பற்றிப் பெரிய ஞானம் தேவையில்லை. பொறுமையும் சரியான வரிசையும் போதும். பெரும்பாலானவர்கள் பார்த்ததுமே "இது பழைய ஃபோர்டு" என்று ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்கு ஆதாரம் தேடுகிறார்கள். அப்படித் தேடினால் ஆதாரம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். இது எந்தக் காராக இருக்கவே முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் இரண்டோ மூன்றோ பெயர்கள் மிஞ்சும்போது நுணுக்கங்களைப் பார்க்கலாம்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் இருக்கும் படங்கள். சென்னை மாகாணத்தில் எடுத்தவை, இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தவை. இங்கே ஓடிய கார்களின் வரலாறு தனி. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி

கார் உங்களுக்குச் சொல்வது ஒன்றைத்தான்: இந்தப் படம் இந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. எந்த ஆண்டுக்குள் எடுத்தது என்று அது சொல்லாது. 1938-இல் வந்த கார் என்றால் படம் 1938-லும் இருக்கலாம், 1968-லும் இருக்கலாம். புதுக் கார் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்டில் ஒரு வண்டியை முப்பது வருடம் ஓட்டியது சாதாரண விஷயம். டாக்டர் வாங்கி, அவரிடமிருந்து வக்கீலுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் காராக மாறி, கடைசியில் கிராமத்தில் ஒரு பண்ணையாரின் கொட்டகையில் நின்ற கார்கள் ஏராளம்.

ஜானவாசப் படங்களில் இது இன்னும் முக்கியம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்பதற்காகவே பழைய டூரர்களை வைத்து வாடகைக்கு விட்டவர்கள் இருந்தார்கள். 1960-களில் நடந்த கல்யாணத்தில், பூ அலங்காரத்துக்குள் 1930-களின் அமெரிக்கக் கார் நிற்பது இப்படித்தான். அந்தக் காரை வைத்துக் கல்யாண ஆண்டைக் கணக்குப் போட்டால் ஒரு தலைமுறையே தவறிப்போகும். "தாத்தா கார் வைத்திருந்தார்" என்ற முடிவுக்கும் அந்தப் படம் ஆதாரமாகாது.

படி 1: படத்தை ஒழுங்காக ஸ்கேன் செய்யுங்கள்

மொபைலில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். சின்ன பிரிண்ட் என்றால் 1200 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற ஸ்கேன் அளவு), போஸ்ட்கார்டு அளவோ அதற்கு மேலோ என்றால் 600 டி.பி.ஐ. போதும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு அட்டை ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். தனிப் படமாக இருந்தால் பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எண், காகிதத்தில் அச்சாகியிருக்கும் வெலாக்ஸ், லூபெக்ஸ் போன்ற பெயர்கள் எல்லாம் பின்னால் உதவும்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பழைய பிரிண்ட்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள். 120 ஃபிலிமின் நெகட்டிவை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து எடுத்த காண்டாக்ட் பிரிண்ட்டுகளில், கண்ணுக்குத் தெரியாத அளவு விவரம் ஒளிந்திருக்கும். பெரிதாக்கினால் நம்பர் பிளேட்டே படிக்க வரும். சதுரப் படமாக இருந்தால் அது 6 × 6 செ.மீ. நெகட்டிவாக இருக்கலாம். 1960-களில் நம் வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா க்ளிக் III கேமரா அந்த அளவில்தான் படம் எடுத்தது.

ஏ.ஐ. கொண்டு படத்தைத் தெளிவாக்கும் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவை மங்கலான இடத்தில் இருப்பதைக் காட்டுவதில்லை, இருக்கக்கூடியதை வரைந்து வைக்கின்றன. 3 என்ற எண் 8 ஆகிவிடும், காரின் முகப்பில் இருக்கும் கம்பிச் சட்டமான கிரில்லில் ஆறு கம்பி ஒன்பதாகிவிடும். வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கையால் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், அது போதும்.

படி 2: இடம் வலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டுவிட்ட படங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் தெரியும். உடனே "வெளிநாட்டில் எடுத்தது" என்று கதை கிளம்பிவிடும். எனவே மனிதர்களைப் பாருங்கள். முந்தானை இடது தோளில் விழுகிறதா? சட்டைப்பை இடது மார்பில் இருக்கிறதா? எழுத்து ஏதாவது தெரிந்தால் நேராக இருக்கிறதா? இவை சரியாக இருந்தும் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால், அப்போதுதான் அது விசேஷமான செய்தி.

அந்தக் கார் நிஜமான கார்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோக்களிலும் பொருட்காட்சிகளிலும் அட்டையில் வெட்டி வண்ணம் பூசிய கார்கள் இருந்தன. சக்கரம் தரையில் பதியாமல் இருப்பது, நிழல் இல்லாதது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உருவம் காருக்குப் பெரிதாக இருப்பது ஆகியவை அடையாளங்கள்.

வண்ணத்தை மட்டும் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கார் கறுப்பாகவும், நீலக் கார் வெளுத்தும் விழும். நெற்றிக் குங்குமம் மை வைத்தது போலக் கன்னங்கறுப்பாக இருந்தால் படம் அந்த வகை ஃபிலிமில் எடுத்ததாக இருக்கக்கூடும்.

படி 3: நம்பர் பிளேட்

கார் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வேறு எதுவும் படத்தில் இருக்காது. எனவே இதற்கு நேரம் செலவிடுங்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரக் கார்களுக்கு எம்.சி. என்ற எழுத்துகள். சென்னைத் துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் எம்.சி. 1 என்றும், உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய நம்பெருமாள் செட்டியாரின் கார் எம்.சி. 3 என்றும் சென்னை வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகு வந்தது மூன்றெழுத்து முறை: எம்.எஸ். (MS) அல்லது எம்.டி. (MD) என்று தொடங்கி, மூன்றாவதாக ஓர் எழுத்து, அப்புறம் நான்கு இலக்கம் வரை எண். 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய பிறகு பதிவான வண்டிகளுக்கு டி (T) என்ற எழுத்து முதலில் வந்தது. சென்னை தி.நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அம்பாசடரின் எண் டி.எம்.எக்ஸ். 4777, அது இந்த வகை. டி.என். 01 போன்ற எண்கள் புதிய சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எம் என்று தொடங்கினாலே சென்னை ஆகிவிடாது. எம்.ஒய். என்றால் மைசூர். பி.எம். (BM) என்றால் பம்பாய், கே.எல். என்றால் கேரளம். ஊர் மாறினாலும் பழைய எண்ணோடு ஓடிய கார்கள் உண்டு.

இலங்கைப் படங்களில் சிலோன் என்பதன் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த இரட்டை எழுத்துகள் இருக்கும்: சி.ஒய்., சி.என்., இ.எல்., இ.என். போன்றவை. 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவான வண்டிகளுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியது. அந்த நாட்களில் சிங்கள எழுத்தை மாற்றித் தமிழ் 'ஸ்ரீ' எழுதிய பிளேட்டோடு கார்களை ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பப் படம் ஒன்றில் தமிழ் ஸ்ரீயோடு நம்பர் பிளேட் தெரிந்தால், படம் அந்தக் கொந்தளிப்பான காலத்தைச் சேர்ந்தது என்பதற்கு அது வலுவான சான்று. அப்படியொரு படம் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மலாயாவில் மாநிலத்துக்கு ஓர் எழுத்து: பினாங்குக்கு பி (P), பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தான பி (B). ஜொகூருக்கு ஜே, கெடாவுக்கு கே, நெகிரி செம்பிலானுக்கு என், மலாக்காவுக்கு எம். சிங்கப்பூருக்கு எஸ். செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் படங்களில் ஒற்றை எம் எழுத்தும் எண்ணும் இருந்தால், சென்னை என்று எடுத்துக்கொள்வதற்கு முன் மலாக்காவையும் நினைத்துப் பாருங்கள்.

பிளேட்டின் நிறமும் பேசும். சொந்தக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிகளுக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்பதுதான் இந்தியாவில் நெடுங்காலம் இருந்த வழக்கம். கல்யாணப் படத்தில் வெள்ளைப் பலகை தெரிந்தால் அது வாடகைக்குப் பேசிய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: உடலமைப்பைப் பார்த்துக் காலத்தைக் கணியுங்கள்

இப்போது காரிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று மொத்த உருவத்தையும் பாருங்கள். கம்பெனிப் பெயரைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டாம்.

பளபளக்கும் பித்தளை விளக்குகள், கார்பைடு வாயுவுக்கான உருளை, முன் இருக்கைக்குக் கதவே இல்லாத அமைப்பு: இவை 1912-க்கு முந்தைய அடையாளங்கள். செங்குத்தான ரேடியேட்டர், தட்டையான முன் கண்ணாடி, துணி டாப், மர ஆரச் சக்கரம், நீளமான ஃபுட்போர்டு எல்லாம் சேர்ந்தால் 1910-களின் பிற்பகுதியிலிருந்து 1920-கள். நம் ஊர்ப் படங்களில் இந்தத் துணி டாப் டூரர்கள்தான் அதிகம். மூடிய உடல் கொண்ட சலூன்கள் பரவலானது 1920-களின் கடைசியில். ஏறக்குறைய அதே சமயத்தில் நிக்கல் முலாமுக்குப் பதில் குரோமியம் வந்தது.

1933-ஐ ஒட்டி மட்கார்டுகளின் ஓரம் கீழே இறங்கி, உள்பக்கச் சேறு தெரியாமல் மறைத்தது. 1935-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கூரை முழுவதையும் ஒரே இரும்புத் தகட்டில் செய்யத் தொடங்கியது. அதற்கு முந்தைய சலூன்களின் கூரை நடுவில் துணி போர்த்திய பகுதி இருக்கும். மாடியிலிருந்து எடுத்த படமாக இருந்தால் இது நன்றாகத் தெரியும். ஹெட்லைட்டுகள் தனியாகக் கம்பியில் நிற்பதிலிருந்து மெல்ல மெல்ல மட்கார்டுக்குள் புதைந்ததும் இந்தப் பத்தாண்டில்தான். ஃபோர்டு அதை 1937-இல் செய்தது. மோரிஸ் எய்ட்டில் 1938-இல் வந்த இ சீரிஸில் செய்தார்கள்.

போர்க்கால அடையாளங்களைத் தனியாகத் தேடுங்கள். ஹெட்லைட்டின் மேல் மூடி, மட்கார்டு ஓரங்களில் வெள்ளைக் கோடு ஆகியவை இருட்டடிப்பு விதிகளால் வந்தவை. பெட்ரோல் பங்கீட்டுக் காலத்தில் கரிவாயு அடுப்பை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்களும் கார்களும் ஓடின. பின்பக்கம் பாய்லர் போன்ற உருளை தெரிந்தால் 1940-களின் முற்பகுதியை நினையுங்கள். அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் சொந்தக் கார் உற்பத்தி நின்றுபோனது. போருக்குப் பிறகு 1946 முதல் 1948 வரை வந்தவை பெரும்பாலும் 1942 கார்களின் மறுபதிப்பே. அந்த வருடங்களைப் பிரிப்பதற்குத்தான் அதிகச் சிரமப்பட வேண்டியிருக்கும். 1949-இல் எல்லாம் மாறுகிறது: மட்கார்டு தனியாகத் துருத்தாமல் உடலோடு சேர்ந்து ஒரே பக்கச்சுவராகிறது. ஃபுட்போர்டு காணாமல் போகிறது.

படி 5: இங்கே எவை விற்றன என்பதை வைத்துக் கழியுங்கள்

உலகத்தில் ஆயிரக்கணக்கான மாடல்கள் வந்திருக்கலாம். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஓடியவை அவற்றில் மிகச் சில. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் பொருளாதார வரலாறே படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1920-களுக்கு முன்பு கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஐரோப்பாவிலிருந்து நேராக வரவழைத்த டி டியான், வோல்ஸ்லி, நேப்பியர் போன்ற எதுவும் படத்தில் இருக்கலாம். சென்னை மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி போன்ற வண்டிக் கட்டுநர்கள் வெறும் சேஸிஸை (உடல் இல்லாத அடிச்சட்டத்தை) வரவழைத்து உடலை இங்கேயே கட்டிக்கொடுத்ததும் உண்டு. அதனால் இந்தக் காலத்துக் காரின் பின்பாதியை வெளிநாட்டுப் படங்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ரேடியேட்டரையும் பானட்டையும் (எஞ்சின் மூடியையும்) சக்கரத்தையும் மட்டும் நம்புங்கள்.

பிறகு அமெரிக்கக் கார்களின் காலம். 1926-இல் ஃபோர்டின் கனடா கிளை இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சேவ்ரியில் பாகங்களை இணைத்துக் கார்களைப் பூட்டத் தொடங்கியது. விலை குறைவு, மேடு பள்ளம் தாங்கும் உயரம், உதிரிபாகம் எளிதில் கிடைத்தது என்ற காரணங்களால் செவர்லேயும் ஃபோர்டும் எங்கும் பரவின. ஆகவே 1928-க்குப் பிந்தைய பெரிய கார் என்றால் முதலில் இந்த இரண்டையும் சோதித்துப் பாருங்கள். அதன் பிறகு பியூக், டாட்ஜ், பிளைமௌத், ஸ்டூடிபேக்கர். சின்னக் கார் என்றால் மோரிஸ், ஆஸ்டின், ஹில்மன், ஸ்டாண்டர்டு, வாக்ஸால் என்ற பிரிட்டிஷ் வரிசை. மவுண்ட் ரோடு அடிசன் கம்பெனி மோரிஸ் விற்றதால் சென்னைப் படங்களில் மோரிஸ் நிறையவே தட்டுப்படும்.

சுதந்திரத்தை ஒட்டி உள்நாட்டுக் கம்பெனிகள் வந்தன. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், பிளைமௌத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955-இல் அதுதான் அசோக் லேலண்டு ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வான்கார்டு கார்களைச் செய்தது. வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் கார்களைத் தன் பெயரில் வெளியிட்டது.

1953-இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையால், உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்குக் கதவு மூடியது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. உங்கள் படத்தில் இருக்கும் கார் 1955-க்குப் பிந்தைய வடிவம் என்றால் பட்டியல் அப்படியே சுருங்கிவிடும்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, மகிந்திரா ஜீப். தூதரகங்களின் பழைய கார்களை ஏலத்தில் எடுத்தவர்களிடம் மட்டும் இம்பாலாவோ மெர்சிடஸோ இருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயரையும் இந்தப் பட்டியலோடு சேர்த்து எடைபோட வேண்டும். "பிளசர்" என்றால் எந்தக் காராகவும் இருக்கலாம். ஆனால் "லேண்ட்மாஸ்டர்", "பேபி ஆஸ்டின்", "வி எய்ட்டு" என்று குறிப்பாகச் சொன்னால் அநேகமாகச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அப்படிப்பட்ட பெயரை யாரும் கற்பனை செய்துகொள்வதில்லை.

படி 6: நுணுக்கங்கள்

ஃபோர்டு மாடல் டி-யை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வந்தன. உயரமாக, ஒல்லியாக, சக்கரத்துக்கு 12 மர ஆரங்களோடு நிற்கும். ரேடியேட்டர் பித்தளையாக இருந்தால் 1916 அல்லது அதற்கு முன், கறுப்பு உறை என்றால் 1917-க்குப் பின். அடுத்து வந்த மாடல் ஏ (1928–1931) தாழ்வானது. கம்பி ஆரச் சக்கரம், ரேடியேட்டரின் மேல்விளிம்பில் அழகான வளைவு. 1932-இல் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வி8 வந்தது.

ரேடியேட்டரைப் பார்த்தே சொல்லக்கூடிய வேறு சில: வட்டமான மூக்கு என்றால் 1926-க்கு முந்தைய மோரிஸ். கோயில் முகப்பு போலத் தட்டையான உச்சியும் நிமிர்ந்த பட்டைகளும் என்றால் ரோல்ஸ்ராய்ஸ். பானட்டின் இரண்டு பக்கமும் நீளப் பள்ளம் ஓடினால் வாக்ஸால். பானட்டின் நடுவில் வெள்ளிப் பட்டைகள் இறங்கினால் 1935-க்குப் பிந்தைய பாண்டியாக். பானட்டின் பக்கவாட்டில் வட்டத் துளைகள் என்றால் 1949-க்குப் பிந்தைய பியூக். மூக்கில் விமானத்தின் முனை போல ஒரு குமிழ் என்றால் 1950-ஐ ஒட்டிய ஸ்டூடிபேக்கர். பானட் உச்சியில் பாய்மரக் கப்பல் பிளைமௌத், செம்மறிக் கிடா டாட்ஜ், இறக்கை முளைத்த ஏ எழுத்து ஆஸ்டின். ஆனால் பொம்மைகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிடித்த பொம்மையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

நம் ஆல்பங்களில் அதிகக் குழப்பம் தருவது இந்துஸ்தான் குடும்பம். இந்துஸ்தான் 14 என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் 1940-களின் கடைசி வடிவம், பெரிதாக்கிய மோரிஸ் மைனர் போல உருண்டையாக இருக்கும். லேண்ட்மாஸ்டர் 1954-லிருந்து, அம்பாசடர் 1950-களின் கடைசியிலிருந்து. லேண்ட்மாஸ்டருக்கும் முதல் அம்பாசடருக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் பின்பக்கம் போங்கள். லேண்ட்மாஸ்டரின் பின் மட்கார்டு உருண்டு இறங்கும், அம்பாசடரில் அது சின்ன வால் போல நிமிர்ந்து முடியும். அப்புறம் கிரில். 1960-களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2-இல் நெருக்கமான சிறு கட்டங்கள், 1975 மார்க் 3-இல் படுக்கைக் கம்பிகள், 1979 மார்க் 4-இல் கிரில் சிறுத்துக் கட்டங்கள் பெரிதாகின்றன. பழைய வண்டியில் புதுக் கிரில் மாட்டிய மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு என்பதால், கிரில்லோடு வேறு ஒரு அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும்.

ஃபியட் 1100-இல் கதவைப் பாருங்கள். 1950-களில் வந்த வண்டிகளின் முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்கும், அதாவது முன்னோக்கி வரும் காற்றுக்கு எதிராகத் திறக்கும். 1964-இல் வந்த டிலைட்டில் கதவு இப்போதைய கார்கள் போல. அந்த உடல்தான் பிறகு பத்மினி என்ற பெயரில் 2000 வரை வந்தது.

மோரிஸ் மைனரில் முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் 1956-க்கு முன், ஒரே வளைந்த துண்டு என்றால் அதற்குப் பின். ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-லிருந்து வண்டலூரில் தயாரானது. அதற்கு நான்கு கதவு இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது இந்தியாவில் மட்டும் செய்த வண்டி. ஜீப்பில் கிரில்லின் ஓட்டைகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் போர்க்கால ராணுவ ஜீப், ஏழு என்றால் பிந்தைய சிவிலியன் வகை. பானட் வழக்கத்துக்கு மாறாக உயரமாக இருந்தால் மகிந்திரா செய்த சி.ஜே.3பி.

பக்கவாட்டிலிருந்து எடுத்த படமாக, முகப்பு தெரியாமல் இருந்தால் அளந்து பாருங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையான தூரத்தை டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மாடல் டி-க்கு இடைவெளி 100 அங்குலம், டயர் 30 அங்குலம்; எனவே 3.3 வரும். ஆஸ்டின் செவனின் ஆரம்ப வண்டிகளில் சக்கர இடைவெளி 75 அங்குலம்தான், பக்கத்தில் நிற்பவரின் மார்புக்குத்தான் வண்டி வரும். மோரிஸ் மைனர் 86, ஹெரால்டு 91.5, அம்பாசடர் 97 அங்குலம். படம் சற்றுச் சாய்வாக இருந்தாலும் கணக்கு தவறும். ஆகவே இதை ஒரு பெயரை உறுதிசெய்யப் பயன்படுத்தாமல், பொருந்தாத பெயரைத் தள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 7: ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்

மிஞ்சிய இரண்டு மூன்று பெயர்களின் படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே கோணத்தில் ஒப்பிடுங்கள். கூகுள் படத்தேடலில் முழுப் படத்தையும் போட்டால் மனிதர்களைத்தான் தேடும். காரின் முகப்பை மட்டும் வெட்டிப் போடுங்கள். தேடல் தரும் பெயரை விடையாக எடுத்துக்கொள்ளாமல், சோதிக்க வேண்டிய இன்னொரு பெயராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருந்தும் அடையாளங்களை எண்ணுவதைவிடப் பொருந்தாத ஒன்றைத் தேடுவது பயன் தரும். பானட்டின் காற்றுத் துளைகள் எத்தனை, கதவுக் கைப்பிடி எங்கே, கீல்கள் எந்தப் பக்கம், வீல் கப்பின் வடிவம், கதவுத் தூணில் கைகாட்டி இண்டிகேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால், அந்த ஒன்றுக்குக் காரணம் கிடைக்கும்வரை பெயரை உறுதி செய்யாதீர்கள். ஒருவேளை அடுத்த வருட மாடலாக இருக்கலாம், ஒருவேளை மாற்றிய உதிரிபாகமாக இருக்கலாம்.

1930-களின் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த கார் விளம்பரங்கள் அருமையான ஆதாரம். எந்த மாடல் எந்த மாதம் இங்கே விற்பனைக்கு வந்தது என்று அவற்றில் நேராகத் தெரிந்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம். நேரில் கார்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கும் கார் அருங்காட்சியகம் போல இன்னொன்று தமிழ்நாட்டில் கிடையாது. ஒரு காரைச் சுற்றிவந்து பார்த்த பிறகு, படத்தில் அதன் மட்கார்டு ஓரம் மட்டும் தெரிந்தாலும் கண் பிடித்துவிடும்.

படி 8: எழுதி வையுங்கள்

கண்டுபிடித்ததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, காரின் பெயரும் மாடல் ஆண்டும். இரண்டு, எந்த அடையாளங்களை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது. மூன்று, படம் எடுத்த காலத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு. காருக்கு 1939 என்று உறுதியாக எழுதலாம், படத்துக்கு "1939-க்குப் பிறகு, பின்னால் நிற்கும் பையன் பெரியப்பாவாக இருந்தால் 1946-க்குள்" என்று எழுதுங்கள். மேல்வரம்பைத் தருவது எப்போதும் மனிதர்களே: குழந்தையின் வயது, திருமணமாகாத அத்தையின் கழுத்து, இறந்துபோன தாத்தாவின் திதி. அதனால் காரைக் கண்டுபிடித்த கையோடு படத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பாவையோ ஒன்றுவிட்ட பாட்டியையோ போய்ப் பாருங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்காமல், "இது 1939 பிளைமௌத், யாருடைய கார் இது?" என்று கேளுங்கள். காரின் பெயரைச் சொன்னதும் டிரைவர் பெயரில் தொடங்கி அந்த வண்டி நின்ற கொட்டகை வரைக்கும் ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை மொபைலில் பதிவு செய்துகொண்டு, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து வையுங்கள்.

பிரிண்ட்டின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரமாக லேசாக எழுதலாம். அமிலமில்லாத காகித உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு, அதற்குள் படத்தைப் போட்டு வைப்பது இன்னும் நல்லது. ஸ்கேன் கோப்பின் பெயரிலும் கார், ஆண்டு, ஊர் மூன்றும் இருக்கட்டும்.